ஷார் பெய்: சுருக்கத் தோல் நாயின் கதை

முகத்தைப் பார்த்தால் எழுபது வயதுக் கிழவர் போலிருக்கும். வயதோ மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். அண்ணனுடைய சட்டையைப் போட்டுக்கொண்ட சின்னப் பையனைப் போலத் தொளதொளவென்று நடந்து வரும் ஷார் பெய் குட்டியைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. ஆனால் இந்த நாயின் வரலாறு சிரிக்கக்கூடியது அல்ல. இதை வளர்க்க ஆசைப்படுபவர்கள் அந்த வரலாற்றை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர்க் காரணம்

ஷார் பெய்யின் தாயகம் தென்சீனாவின் குவாங்டாங் மாகாணம். அந்த வட்டாரத்துக் கான்டனீஸ் மொழியில் இப்பெயருக்கு 'மணல் தோல்' என்று பொருள். இதன் குட்டையான முடியைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். சீனாவின் இன்னொரு நாயினமான சௌ சௌவைப் போலவே இதற்கும் நாக்கு கருநீல நிறமாக இருக்கும்.

ஹான் அரச மரபுக் காலத்துச் (கி.மு. 206 - கி.பி. 220) சுடுமண் நாய்ச் சிலைகளை இதன் முன்னோர் என்று சொல்வாரும் உண்டு. எப்படியிருந்தாலும், பல தலைமுறைகளாக இது உழவர்களின் நாய். வீட்டைக் காத்தது, காட்டுப்பன்றி வேட்டைக்கும் போனது. பிறகு பந்தயச் சண்டைகளிலும் இறக்கிவிடப்பட்டது. எதிரி நாய் கவ்வினால் தளர்ந்த தோல் மட்டும்தான் அதன் வாயில் சிக்கும். ஷார் பெய் அந்தத் தோலுக்குள்ளேயே திரும்பிப் பதிலுக்குக் கடித்துவிடும். அதாவது, இன்று நாம் அழகு என்று ரசிக்கும் சுருக்கம் அன்று அதற்குக் கவசம்.

அழிவின் விளிம்பில்

1949-இல் சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. செல்லப்பிராணி வளர்ப்பது பணக்காரர்களின் ஆடம்பரமாகக் கருதப்பட்டது. ஏராளமான நாய்கள் கொல்லப்பட்டன. ஹாங்காங், மக்காவ், தைவான் ஆகிய இடங்களில் சில ஷார் பெய்கள் மட்டுமே தப்பிப் பிழைத்தன.

ஹாங்காங்கைச் சேர்ந்த மாட்கோ லா என்பவர் 1973-இல் ஓர் அமெரிக்க நாய் இதழ் மூலம் உதவி கேட்டார். ஹாங்காங் சீனாவோடு சேர்ந்துவிட்டால் மிச்சமிருப்பவையும் அழிந்துவிடும் என்பது அவர் கவலை. அமெரிக்கர்கள் ஆர்வத்தோடு குட்டிகளை வரவழைத்தனர். 1978-இல் கின்னஸ் புத்தகம் இதை உலகின் மிக அரிய நாயினமாகக் குறிப்பிட்டது. 1992-இல் அமெரிக்கன் கென்னல் கிளப் இதற்கு முழு அங்கீகாரம் அளித்தது. ஓர் இனம் பிழைத்துக்கொண்டது.

சுருக்கத்துக்குக் கொடுத்த விலை

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் சந்தை விடவில்லை. அளிப்பு குறைவு, தேவை அதிகம் என்றால் விலை ஏறும் என்பது வணிகவியலின் பால பாடம். வாங்குபவர்கள் அதிகச் சுருக்கம் கேட்டார்கள். விற்பவர்களும் அதிகச் சுருக்கமுள்ள நாய்களையே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார்கள். பழைய சீன ஷார் பெய்க்குச் சுருக்கமும் குறைவு, முகமும் ஒல்லி. மேலைநாட்டு ஷார் பெய்க்கோ சதைப்பற்றான தடித்த வாய், மடிப்பு மடிப்பான தோல்.

இந்தத் தோல் மடிப்புகளுக்குக் காரணம், தோலில் ஹையலூரோனிக் அமிலம் அளவுக்கு மீறிச் சேர்வதுதான். 2011-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, இந்தத் தடித்த தோலுக்குக் காரணமான மரபணு மாற்றமே ஷார் பெய் காய்ச்சல் என்னும் பரம்பரை நோயோடும் தொடர்புடையது என்று கண்டறிந்தது. திடீர் திடீரென்று காய்ச்சல் வரும், கால் மூட்டு வீங்கும். நாளடைவில் சிறுநீரகமே செயலிழக்கலாம். இது போதாதென்று, இமை உள்நோக்கி மடிந்து முடி கண்ணில் உரசும் தொல்லையும் இந்த இனத்தில் அதிகம்.

வளர்க்க விரும்புவோருக்கு

வளர்ந்த ஷார் பெய் சுமார் 18 முதல் 27 கிலோ வரை இருக்கும். வீட்டாரிடம் பாசம் அதிகம். வெளியாட்களிடம் ஒட்டாது. அதனால் குட்டியிலேயே பலரிடமும் பழக்க வேண்டும். தோல் மடிப்புகளில் ஈரம் தங்காமல் துடைக்க வேண்டும். வெயில் இதற்கு ஆகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கும்போது அதிகச் சுருக்கமுள்ள குட்டியைத் தேடாதீர்கள். தாய், தந்தை நாய்களுக்குக் காய்ச்சலோ கண் நோயோ இருந்ததா என்று கேளுங்கள். வாங்குபவர்கள் கேட்டதால்தான் சுருக்கம் கூடியது. அவர்கள் ஆரோக்கியத்தைக் கேட்டால் அதுவும் கூடும்.