ஏழையை எடை போட்ட ஏடு

பள்ளியிலே மதிப்பெண் கூடினால் மகிழ்ச்சி. குறைந்தால்தான் கஞ்சி என்றொரு தேர்வும் இந்நாட்டிலே நடந்ததுண்டு!

நாட்டுப்புறத்தில் வறுமைக்கோட்டின்கீழ் வாழ்வோர் யாவர் என்று கண்டறிய, 1992, 1997, 2002 ஆகிய ஆண்டுகளில் இந்தியா முழுதும் வீடு வீடாகக் கணக்கெடுத்தனர். குடியிருக்க வீடு, தொழில் தொடங்கக் கடன் என அரசு தரும் உதவிகள் பலவும் அந்தப் பட்டியல் வழியே சென்றன. பெயர் இருந்தால் வாழ்வு. இல்லையேல் வாசற்படியோடு சரி!

2002-இல் கேட்டவை 13 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. ஆளுக்கு இரண்டு உடைகூட இல்லையா? பூச்சியம். ஒருவேளைச் சோற்றுக்கும் வழியில்லையா? பூச்சியம். வீட்டிலே எவருக்கும் எழுத்தறிவில்லையா? அதற்கும் பூச்சியம். ஆனால், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி, மகனைப் பட்டதாரியாக்கிய தாயின் வீட்டுக்கோ மதிப்பெண் ஏறியது. உதவி எட்டிப் போயிற்று. கல்விக்கு இந்நாடு கட்டிய அபராதம் இது!

கொடுமை அத்தோடு நின்றதா? இல்லை. மாநிலந்தோறும் ஏழைகள் இத்தனை பேர்தான் என்று, திட்டக்குழுவின் மதிப்பீட்டை ஒட்டி முன்னதாகவே உச்சவரம்பு வகுத்துவிட்டனர். எண்ணிய பின் தொகை காண்பதுதானே கணக்கு? இவர்களோ தொகையை எழுதிவைத்துவிட்டு எண்ணப் புறப்பட்டனர். செருப்புக்காகக் காலை வெட்டுவது என்பது வேறென்ன? ஏழைகளில் பாதிக்கு மேற்பட்டோர் பட்டியலுக்கு வெளியே நின்றதை, என்.சி.சக்சேனா தலைமையிலான குழு 2009-இல் அரசுக்கே எடுத்துரைத்தது.

2011-இல் தொடங்கிய சமூக, பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு முறையை மாற்றியது. வீடற்றோர், பிச்சையேற்று வாழ்வோர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள், கையால் மலம் அள்ளும் குடும்பத்தார் முதலியோரை, மதிப்பெண் ஏதும் பாராது சேர்க்க விதி செய்தது. சாதி சுமத்திய இழிதொழிலே வறுமைக்குச் சான்று என்று ஒப்புக்கொள்ள, குடியரசுக்கு அறுபதாண்டுகள் தேவைப்பட்டன!

தமிழ்நாடு கண்ட வழி வேறு. 1997-இல் நடுவணரசு ரேஷனை ஏழைக்கொரு விலை, ஏனையோர்க்கொரு விலை எனப் பிரித்தது. தமிழ்நாடோ கடைக்கதவை எல்லோர்க்கும் திறந்தே வைத்தது. ஏழை என்று மெய்ப்பிக்கக் கைகட்டி நிற்கவேண்டிய இழிவு, அந்த வாசலில் இல்லை.

பட்டியலே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். வீடு போன்றவற்றை ஒரே நாளில் அனைவர்க்கும் தந்துவிட இயலாது. வரிசை வேண்டும், அதற்குப் பட்டியலும் வேண்டும். ஆனால் அது ஊரறியப் படிக்கப்படவேண்டும். மறுத்துக் கேட்க ஏழைக்கு உரிமை வேண்டும்.

இளைஞர்களே! கிராம சபையிலே பட்டியலைப் படிக்கும்போது, இருக்கும் பெயர்களை மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். விடுபட்ட பெயர் எது, ஏன் விடுபட்டது என்று கேளுங்கள். பகுத்தறிவின் முதற்பாடமே அந்த 'ஏன்' அல்லவா?