டெல்லியின் 1816-ம் ஆண்டு அத்தர் கடை: இன்னைக்கும் மவுசு குறையாதது ஏன்?

மால், ஏர்போர்ட், ஆன்லைன்னு எங்க பார்த்தாலும் பிராண்டட் பெர்ஃபியூம் கிடைக்குது. ஆனாலும் பழைய டெல்லியின் தரீபா கலான் தெருவில் இருக்கும் 'குலாப் சிங் ஜோஹ்ரிமல்' அத்தர் கடையைத் தேடி மக்கள் வருகிறார்கள். அப்படி என்ன ஸ்பெஷல்?

யார் நடத்துறாங்க?

1816-ல் கடை தொடங்கியபோது, பக்கத்தில் உள்ள செங்கோட்டையில் முகலாய மன்னர் இரண்டாம் அக்பர் இருந்தார். பெரிய நிறுவனம் எதற்கும் கைமாறாமல், அதே குடும்பம்தான் தலைமுறை தலைமுறையாக நடத்துகிறது.

ஸ்பிரேக்கும் அத்தருக்கும் என்ன வித்தியாசம்?

ஸ்பிரே பெர்ஃபியூமில் பெரும்பகுதி ஆல்கஹால். அடிச்சதும் அறை முழுக்கப் பரவும். பாரம்பரிய அத்தர் எண்ணெய் வகை, ஆல்கஹால் கிடையாது. தோலோடு ஒட்டி நின்று, பக்கத்தில் வருபவருக்கு மட்டும் மெல்ல மணக்கும்.

எப்படித் தயாராகுது?

அத்தருக்குப் பெயர்போன ஊர், உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ். அங்கே செம்புப் பானையில் பூவும் தண்ணீரும் போட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக இன்னொரு பாத்திரத்துக்குப் போகும். அதில் இருக்கும் சந்தன எண்ணெய் அந்த மணத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

பூவுக்குப் பதிலாகச் சுட்ட மண்ணைப் போட்டால் 'மிட்டி அத்தர்'. முதல் மழையில் வருமே, அதே மண்வாசனை! வெயில் காலத்துக்கு வெட்டிவேர், குளிர்காலத்துக்கு மசாலாவும் மூலிகையும் சேர்த்த ஷமாமா என சீசனுக்கு ஏற்ற வகைகளும் உண்டு.

விலை ஏன் அதிகம்?

ஒரு கிலோ சுத்தமான ரோஜா எண்ணெய்க்கு 3 முதல் 5 டன் பூ தேவை. சந்தன எண்ணெய் விலையும் எகிறிவிட்டதால், பல தயாரிப்பாளர்கள் அதற்குப் பதிலாக லிக்விட் பாரஃபின் பயன்படுத்துகிறார்கள். வெறும் கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் பழைய கடையின் பெயருக்கு இவ்வளவு மதிப்பு. கவுன்ட்டரில் நின்று கேள்வி கேட்கலாம், கையில் தடவிப் பார்க்கலாம், பிடித்தால் சில மில்லி மட்டும் வாங்கலாம்.

வாங்கும் முன் கவனிங்க

- அடிப்படை எண்ணெய் சந்தனமா, பாரஃபினா என்று கேளுங்க.
- 'சந்தன எண்ணெயில் எடுத்த ரோஜா அத்தர்' ரொம்ப மலிவாகக் கிடைத்தால் உஷார்.
- மணிக்கட்டில் ஒரு துளி தடவி, அரை மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்க. முதல் மணம் வேறு, நிற்கும் மணம் வேறு.
- ஒரே நேரத்தில் மூணு, நாலு வகைக்கு மேல் வேண்டாம். மூக்கு குழம்பிவிடும்.
- அரிப்போ சிவப்போ வந்தால் உடனே கழுவிடுங்க. இயற்கைப் பொருள் என்றாலும் சிலருக்கு அலர்ஜி வரலாம்.

மொத்தத்தில், இந்த மாதிரி கடையில் நீங்க கொடுக்கும் காசு வாசனைக்கு மட்டும் இல்லை. 'கலப்படம் இல்லை' என்ற நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான்.