தடைக்கு முந்திய ஒப்பந்தம்: வேடசந்தூர் ஆலைகளும் ஏற்றுமதியின் பேர வலிமையும்

திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பகுதி ஆலைத் தொழிலைப் பற்றி எழுதியவர்களில் இரு தரப்பினர் உண்டு. மானாவாரி நிலத்துக் குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்ததே ஏற்றுமதியால்தான் என்கிறது ஒரு தரப்பு. ஒப்பந்தக் கால முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை வேலைக்கு எடுக்கும் சுமங்கலித் திட்டமும், விடுதியில் வைத்து வேலை வாங்கும் ‘கேம்ப் கூலி’யும் அதே ஏற்றுமதியின் விளைவு என்கிறது மற்றது. 2022க்குப் பின் மூன்றாவதாக ஒரு வாசிப்பு பரவிவருகிறது: வாங்கும் நாடு தடை விதித்தால் விற்கும் ஆலை திருந்திவிடும். இந்தக் கட்டுரை மறுப்பது இதை.

அந்த வாசிப்பின் சான்று வேடசந்தூரை அடுத்த நாச்சி அப்பேரல் ஆலை. கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகக் கூறி, 1930ஆம் ஆண்டு சுங்கவரிச் சட்டத்தின் 307ஆம் பிரிவின் கீழ், 2022 ஜூலை 29 முதல் அமெரிக்கச் சுங்கத் துறை அதன் சரக்கை நிறுத்தியது. செப்டம்பர் 7 அன்று விடுவித்தது. ஆறு வாரத்துக்குள் ஓர் ஆலை திருந்தியதாம்!

தேதிகளை வரிசையாக வைத்தால் கதை வேறாகிறது. அங்கு வேலை செய்த தலித் இளம்பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார், மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் ஓராண்டுக்கும் மேலாகப் போராடி, 2022 ஏப்ரலில் ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடன் திண்டுக்கல் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. ஆடை வாங்கும் பிராண்டுகளில் எச் அண்ட் எம் தனியே கையெழுத்திட்டது, கேப், பி.வி.எச். பின்னர் சேர்ந்தன. தடை வந்தபோது ஒப்பந்தத்துக்கு வயது மூன்று மாதம் கடந்திருந்தது. தடை நீங்கக் காட்டத்தக்க ஏற்பாடு ஆலைக்குள் ஏற்கெனவே இருந்தது: ஏறத்தாழ 25 தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில் சங்கம் அமர்த்தும் கண்காணிப்பாளர்கள், நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் நடுவர் தீர்ப்பு, மீறினால் பிராண்டுகளின் ஆர்டர் குறையும் என்ற விதி. அந்தக் கடைசி விதிதான் மற்ற இரண்டையும் தாங்கிநின்றது.

அமெரிக்கச் சுங்கத் துறையின் விசாரணை ஒப்பந்தத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம், அந்த அச்சத்தில் நிறுவனம் இறங்கிவந்திருக்கலாம் என்று கேட்கலாம். அதை முற்றாக ஒதுக்க என்னிடம் ஆவணமில்லை. ஆனாலும் அச்சம் மட்டும் ஷிப்டுக்குள் ஒரு கண்காணிப்பாளரை நிறுத்தாது. அதேபோல, தொழிலாளர் நலன் என்பது மாறுவேடமிட்ட இறக்குமதித் தடுப்பு என்று 1996 சிங்கப்பூர் உலக வர்த்தக அமைப்பு மாநாட்டுக் காலத்திலிருந்து சொல்லப்படும் வாதத்துக்கு இங்கே வேலையே இல்லை. ஒப்பந்தத்தைக் கேட்டவர்கள் வேடசந்தூர்ப் பெண்கள், அமெரிக்க ஆலை முதலாளிகளல்ல.

ஆக, வணிகம் தானாக நலனைக் கொண்டுவரவில்லை, தடையும் கொண்டுவரவில்லை. வாங்குபவரின் ஆர்டரைப் பற்றிக்கொள்ள ஆலைக்குள் ஒரு சங்கம் இருந்தது. இதை ஏற்றால் சங்கடமான இன்னொன்றையும் ஏற்க வேண்டும். ஒப்பந்தம் நாச்சி ஆலையையும் அதே குழுமத்தின் இரண்டு நூற்பாலைகளையும் சேர்த்து 5,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை உள்ளடக்கியது. அதன் எல்லை உடைமையின் எல்லை. ஊரின் எல்லை அல்ல. நூலைக் கோனில் சுற்றித் திருப்பூருக்கோ பிற சந்தைக்கோ விற்கும் ஆலையின் சரக்கு பின்னலாடையில் கலந்துவிடுகிறது. அதன் மீது பிராண்டுப் பெயர் இல்லை. ஆகவே குஜிலியம்பாறையிலிருந்து அத்தகைய ஆலைக்கு வேனேறும் பெண், ஏற்றுமதிச் சங்கிலிக்குள் இருந்தாலும், யாருடைய ஆர்டரைக் காட்டியும் பேரம் பேச முடியாதவர்.