கிளீனர் சீட்டிலிருந்து டிரைவர் சீட்டுக்கு

எங்க பக்கம் மழை குறைச்சல், மானாவாரி பூமி. வெள்ளாமை கைவிட்டப்போ குடியானவன் வீட்டுப் பசங்க லாரி ஏறினாங்க. நாமக்கல்லில் பாடி கட்டுறது, திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி, சங்ககிரியில் லாரின்னு ஊருக்கு ஒரு பேராச்சு.

தொழில் பழகின இடம் கிளீனர் சீட்டு. கிளீனர்னா வண்டி துடைக்கிற பையன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்துக் கட்டணும். மேட்டில் வண்டி நின்னா சக்கரத்துக்குக் கட்டை போடணும். டயரைத் தட்டி, சத்தத்தை வெச்சே காத்து இருக்கான்னு சொல்லணும். ரெண்டு மூணு வருசம் கழிச்சு, லோடு இறக்கிட்டுத் திரும்பும்போது, நேர் ரோட்டில், "டேய், பிடிடா"ன்னு டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கைத் தருவார். சட்டப்படி தப்புதான். ஆனா நடந்தது அப்படித்தான்.

லைசென்ஸ் தனிக் கதை. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி 20 வயசு ஆகணும். கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருசம் ஆனபிறகே லாரிக்கு எல்.எல்.ஆர். 2007இல் எட்டாவது பாஸும் கட்டாயமாச்சு. அஞ்சாவதோட பள்ளிக்கூடத்தை விட்டுட்டு வண்டி ஏறின பையனுக்குப் புது லைசென்ஸ் கிடையாது. எந்த இறக்கத்துக்கு எந்த கியர்னு தெரியும், மார்க் ஷீட் இல்லை. 2019இல்தான் மத்திய அரசு அந்த விதியை எடுத்தது. 12 வருசம்ங்க. கல்யாண வயசே தாண்டிடும்.

இப்போ பல வண்டியில் கிளீனரே கிடையாது. கயிறு கட்டுறதும் டிரைவர்தான், ரிவர்ஸுக்கு இறங்கிப் பார்க்கிறதும் அவரேதான். ஆள் கிடைக்கலைன்னு முதலாளிங்க புலம்பறாங்க. பக்கத்து சீட்டு காலியா ஓடுது.