வங்கியின் சலுகையும் வணிகத்தின் பொறுப்பும்

மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கட்டிய செங்கற்கோட்டை கடலை நோக்கி நிற்கின்றது. 17ஆம் நூற்றாண்டிலேயே செங்கல்பட்டுச் சீமையின் தறித்துணிகள் அங்கிருந்து கப்பலேறின. கும்பினியார் வணிகர்க்கு முன்பணம் தந்தனர். வணிகர் அதனை நெசவாளர்க்குப் பகிர்ந்தனர். துணி வந்து சேராவிடில் நெசவாளன் கடனாளி; கப்பல் மூழ்கினால் பணமிட்டவனுக்கு நட்டம். இழப்பின் அச்சம் எல்லோருக்கும் இருந்தது.

இன்றைய வங்கியை இதனோடு வைத்துப் பார்க்கையில் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. வங்கி பெரும்பாலும் பிறர் பணத்தைக் கொண்டே தொழில் நடத்துகின்றது. அது நொடிந்தால் அரசு கைகொடுக்கின்றது. அதே கரையில் கடை வைத்தவன் நொடிந்தால் ஏனென்று கேட்பார் இல்லை. இது நீதியா?

விடையை வரலாற்றில் தேடுவோம். 1906 அக்டோபர் 22இல் சென்னை அர்பத்நாட் கம்பெனி வீழ்ந்தது. அதனை நம்பிப் பணம் போட்டிருந்த குடும்பங்கள் தவித்தன. அதன் தலைவர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். ஆயினும் போட்ட பணம் முழுமையாகத் திரும்பவில்லை. அந்த வேதனையிலிருந்தே 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. பின்னர் 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்தது. அதன் படிப்பினையாக 1962இல் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அன்று அதன் உச்சவரம்பு 1,500 ரூபாய். 2020இல் அது 5 லட்சமாக உயர்ந்தது.

ஆக, இக்காப்பு வங்கி முதலாளிக்காக ஏற்பட்டதன்று. பணம் போட்டவனின் கண்ணீரைத் துடைக்க ஏற்பட்டது. 1926இல் கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி 2020இல் நலிவுற்று, டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டபோது வைப்பாளர் பணம் காக்கப்பட்டது. பங்குதாரர்க்கோ எதுவும் மிஞ்சவில்லை. ஆதாயத்தை எதிர்பார்த்தவர் இழப்பையும் சுமந்தனர். முளாரபா என்னும் கூட்டு வாணிபத்தில் நம் ஃபிக்ஹு நூல்கள் கூறும் நெறியும் இதுவே: ஆதாயம் இருவர்க்கும் பங்காகும், உழைப்பவனின் குற்றமின்றி நேரும் நட்டம் முதலிட்டவனைச் சாரும்.

எனினும் கணக்கு இத்துடன் தீரவில்லை. வைப்பாளரின் நம்பிக்கையால் வங்கிக்குக் குறைந்த வட்டியில் பணம் குவிகின்றது. அந்நம்பிக்கைக்குப் பின்னால் அரசு நிற்கின்றது. அரசுக்கு வரி கட்டுபவர்களில் அக்கடைக்காரனும் ஒருவன். எனவே உழவு, சிறுதொழில் முதலான முன்னுரிமைத் துறைகளுக்குக் கடனில் 40 விழுக்காட்டை ஒதுக்க வேண்டுமென ரிசர்வ் வங்கி வணிக வங்கிகளுக்கு விதித்திருப்பதை நாம் தருமமாகக் கருதவில்லை. பெற்ற சலுகைக்குரிய விலையாகவே கருதுகின்றோம். சதுரங்கப்பட்டினத்து மீனவன் வலை வாங்கக் கடன் கேட்டு வங்கி வாயிலில் நிற்கும்போது அந்த விலை செலுத்தப்படுகின்றதா என்பதைக் கொண்டே இச்சலுகை நீதியானதா என்று நாம் தீர்ப்புரைக்க முடியும்.