ஹார்லிக்ஸ் ஊரில் பிறந்த பிளெண்டர்

அமெரிக்காவின் ரேசின் நகரம் ஒரு காலத்தில் ஹார்லிக்ஸ் மால்ட் மாவுக்குப் பேர்போனது. அந்த ஊர்க்காரரான ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி, மால்ட் பானங்கள் கலக்குவதற்காகக் கோப்பையின் அடியில் சுழலும் பிளேடைப் பொருத்தி, 1922-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடியில் வைத்ததுதான் அருமையான யோசனை: சுழலச் சுழல நடுவில் குழி விழுந்து, மேலே கிடப்பது தானாகக் கீழிறங்கும்.

1937-இல் இசைக்குழுத் தலைவர் ஃபிரெட் வேரிங் பிளெண்டரைப் பிரபலமாக்கினார். போலியோ தடுப்பூசி ஆய்வில் ஜோனஸ் சால்க்கும் அதைப் பயன்படுத்தினார்.

பிளெண்டரோடு ஒப்பிட்டால் ஜூஸரின் வழி வேறு. துருவிய கேரட்டைச் சல்லடையில் வேகமாகச் சுழற்றிச் சாற்றைப் பிரிக்கும். நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். வீட்டுக்குப் பிளெண்டரே மேல். வடிகட்டி இருந்தால் தெளிந்த சாறும் கிடைக்கும். கேரட், பீட்ரூட்டைத் தினமும் பிழிகிறவர்கள் ஜூஸர் வாங்கலாம், சல்லடையை உடனுக்குடன் தேய்த்துக் கழுவப் பொறுமை இருந்தால்.