மின்சார வாகன பேட்டரி: தீப்பிடிப்பது ஏன்? தற்காத்துக் கொள்வது எப்படி?

2024 ஆகஸ்ட் 1, தென்கொரியாவின் இன்சியான் நகரம். அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடி வாகன நிறுத்துமிடத்தில் நின்றிருந்த மின்சார கார் ஒன்றிலிருந்து திடீரெனப் புகை கிளம்பியது. அப்போது அது சார்ஜ் போடப்பட்டிருக்கவில்லை. சில விநாடிகளில் தீ வெடித்துப் பரவியது. அணைக்கச் சுமார் 8 மணி நேரம் ஆனது. நூற்றுக்கும் மேற்பட்ட வாகனங்கள் சேதமடைந்தன. தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது.

நம் ஊரிலும் இதற்கு உதாரணம் உண்டு. 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போடப்பட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்ததில், ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தனர்.

அப்படியானால் மின்சார வாகனமே ஆபத்தா? இல்லை. பெட்ரோல், டீசல் கார்களும் எரிபொருள் கசிவாலும் வயரிங் கோளாறாலும் எரிகின்றன. எண்ணிக்கையில் அவைதான் அதிகம். ஆனால் பேட்டரித் தீயின் குணம் வேறு. அதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

உள்ளே நடப்பது என்ன?

கார் பேட்டரி என்பது நூற்றுக்கணக்கான, சில கார்களில் ஆயிரக்கணக்கான லித்தியம் அயான் செல்களின் தொகுப்பு. ஒவ்வொரு செல்லிலும் நேர்முனையையும் எதிர்முனையையும் மெல்லிய தடுப்பு ஒன்று பிரிக்கிறது. இடையில் எளிதில் தீப்பற்றும் திரவம் இருக்கிறது. தயாரிப்புக் குறை, விபத்தில் விழும் அடி, அளவுக்கு மீறிய சார்ஜ், உள்ளே புகும் நீர் ஆகியவற்றில் ஏதோ ஒன்றால் தடுப்பு சேதமானால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லைச் சூடாக்கும், அது அதற்கடுத்ததை. இந்தச் சங்கிலி தொடங்கிவிட்டால் நிறுத்துவது கடினம்.

தயாரிப்புக் குறை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2021-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 1.4 லட்சம் செவ்ரோலே போல்ட் கார்களைத் திரும்ப அழைத்ததே சான்று. செல்லின் முனை கிழிந்திருந்ததும், தடுப்பு மடிந்திருந்ததும் காரணம் எனக் கண்டறியப்பட்டது.

எரியும் பேட்டரி ஹைட்ரஜன் ஃப்ளூரைடு போன்ற நச்சு வாயுக்களை வெளியிடும். சிறிய தீயணைப்பான் உள்ளே இருக்கும் சூட்டைத் தணிக்காது. தொடர்ந்து ஏராளமான தண்ணீர் வேண்டும். அணைந்ததாகத் தோன்றும் தீ, பல மணி நேரம் கழித்தும் மீண்டும் பற்றலாம்.

கவனிக்க வேண்டியவை

• நிறுவனம் தந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். எர்த் இணைப்புள்ள தனி பிளக்கில் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.

• படுக்கையறையிலோ, மாடிப்படியின் கீழோ, வாசலை மறித்தோ சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் நீங்கள் வெளியேறும் வழி அதுதான்.

• வெயிலில் ஓட்டி வந்ததும் சார்ஜ் போடாமல், சூடு தணியும் வரை காத்திருங்கள்.

• வெள்ளத்தில், குறிப்பாக உப்பு நீரில் மூழ்கிய வாகனத்தை இயக்கவோ சார்ஜ் போடவோ கூடாது. கட்டடத்தை விட்டுத் தள்ளி நிறுத்தி, சர்வீஸ் மையத்துக்குச் சொல்லுங்கள். விபத்தில் அடிபட்ட வண்டிக்கும் இதுவே.

• பேட்டரி உப்புதல், வினோத வாடை, 'உஸ்' என்ற சத்தம், வெண்புகை ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள்.

தீப்பிடித்துவிட்டால் பொருட்களை எடுக்க நினைக்காதீர்கள். எல்லோரையும் வெளியேற்றி, புகை வராத திசையில் தூரமாகச் செல்லுங்கள். 101 அல்லது 112-ஐ அழைத்து, அது மின்சார வாகனம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். தீயணைப்பு வீரர்கள் அதற்கேற்பத் தயாராக வர அது உதவும்.

வண்டி போனால் இன்னொன்று வாங்கலாம். இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் வண்டி எந்த இடத்தில் சார்ஜ் ஆகிறது என்று ஒருமுறை பாருங்கள்.